சுவரேறத் தெரிந்தவனுக்கு ஏன் வாடகைப் பாக்கி?

ஒரு சூப்பர்ஹீரோவைக் கையில் காசில்லாதவனாகக் காட்ட நினைக்கும் காமிக்ஸ் எழுத்தாளர் முதலில் தீர்க்க வேண்டியது ஒரே ஒரு கேள்வியைத்தான். இவ்வளவு சக்தி இருக்கிறவன் அதை வைத்து நாலு காசு பார்க்கக் கூடாதா? லாரியையே தூக்குகிறவன் கட்டட வேலையில் ஒரு நாள் நின்றால் போதும், கிரேன் வாடகை மிச்சம் என்று முதலாளி அள்ளிக் கொடுப்பார். பறக்கிறவன் அவசர மருந்துகளை ஊர் விட்டு ஊர் கொண்டு சேர்த்தே பிழைத்துக்கொள்ளலாம். வாசகருக்கு இதெல்லாம் இரண்டாவது பக்கத்திலேயே தோன்றிவிடும். அதற்கு விடை சொல்லாமல் கிழிந்த சட்டையையும் காலி அலமாரியையும் எத்தனை முறை வரைந்தாலும் அது வேஷமாகத்தான் தெரியும்.

அமெரிக்க காமிக்ஸில் 1962 முதல் இந்தக் கேள்விக்குப் பல விதமாக விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். புதிதாக ஒரு நாயகனை எழுதப் போகிறவர் அவற்றில் எந்த வழியை எடுக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். வாசகரின் கேள்விக்கு நேரான விடை இருக்கிறதா? அந்தப் பணக்கஷ்டம் பத்து இருபது இதழ்கள் தாங்குமா? காசு இருந்திருந்தால் அவன் எடுத்தே இருக்க மாட்டான் என்கிற ஒரு முடிவை அது எடுக்க வைக்கிறதா? மூன்றாவதற்குத்தான் என்னிடம் மதிப்பெண் அதிகம். கதையைத் திருப்பாத வறுமை வெறும் பின்னணி ஓவியம்.

சில்லறை வருமானக்காரன்

இந்த வழிக்கு முன்னோடி ஸ்பைடர்மேன். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15ஆம் இதழில் ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த கதை. சக்தி கிடைத்ததும், ஸ்பைடர்மேன் ஆகும் பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவன் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. மல்யுத்த மேடைக்குப் போனான். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். ஜெயித்தான், அங்கிருந்து தொலைக்காட்சி வாய்ப்பு வந்தது. அதாவது, வாசகர் கேட்க வேண்டிய கேள்வியை நாயகனே முந்திக்கொண்டு கேட்டுவிட்டான். சக்தியைக் காசாக்க முடியுமா என்று அவனே முயன்று பார்க்கிறான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்த வழியின் உயிர். கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால். 1963 மார்ச்சில் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ முதல் இதழில் நிகழ்ச்சி நடத்தியதற்கு ஒரு காசோலை கிடைக்கிறது. அதில் ஸ்பைடர்மேன் என்று பெயர் எழுதியிருக்கிறது. வங்கியில் அடையாளச் சான்று கேட்கிறார்கள். முகமூடியைக் காட்டினால் அதை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வரலாமே என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வங்கி ஊழியர் கொடுமைக்காரர் இல்லை, விதிப்படிதான் நடந்துகொள்கிறார். பிறகு பத்திரிகை முதலாளி ஜே. ஜோனா ஜேம்சன் தலையங்கம் எழுதி அவன் மேடை வாழ்க்கையையே முடித்துவைக்கிறார். சம்பளம் கிடைக்கும் என்று நம்பி ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர்ஹீரோ குழுவில் சேரப் போனால், தாங்கள் லாப நோக்கில்லாத அமைப்பு, யாருக்கும் சம்பளம் கிடையாது என்கிறார்கள். இதற்கிடையே வாடகை கட்ட மே அத்தை நகையை அடகு வைக்கிறார். 18ஆம் இதழில் தன் வலைப் பசையை ஒரு பசைக் கம்பெனிக்கு விற்கப் பார்க்கிறான். ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகும் பசை யாருக்கு வேண்டும்?

இந்தக் கடைசிக் கதவை எழுதப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். வலை தானாகக் கரைவது நாயகனுக்கு வசதி. நகரமெங்கும் ஒட்டடை தொங்காது. அதே குணம்தான் சந்தையில் அதை மதிப்பில்லாததாக ஆக்குகிறது. சக்தியைத் தந்த காரணமே வருமானத்தையும் அடைக்கிறது. ‘சக்தியை விற்பது தர்மம் இல்லை’ என்று ஒரு வரி வசனம் வைத்து இந்தக் கேள்வியைக் கடந்துவிடலாம்தான். ஆனால் அத்தை நகையை அடகு வைக்கும் வீட்டில் அந்த வசனம் எடுபடாது. முடியாமல் போவதை எவரும் நம்புவார்கள். மறுப்பதை நம்ப வைக்க அதற்குத் தனியாக ஒரு கதை வேண்டும்.

வருமானம் வரும் விதமும் கெட்டிக்காரத்தனமானது. இரண்டாம் இதழிலிருந்து பீட்டர் தன் சண்டைகளைத் தானே படமெடுத்து ஜேம்சனிடம் விற்கிறான். மாதச் சம்பளம் இல்லை, படத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் பெரிய தொகை வந்ததும் ஒரு வருட வாடகையைக் கட்டி, சமையலறைக்குச் சாமான் வாங்கித் தருகிறான். கஷ்டப்பட்ட வீட்டில் மொத்தமாகப் பணம் வந்தால் முதலில் அதைத்தான் செய்வார்கள். அது மட்டுமில்லை. அவன் விற்கும் ஒவ்வொரு படமும் அவனைத் திட்டும் தலையங்கத்துக்கு மேலே அச்சாகிறது. வாடகை கட்டுவதற்காகத் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்கிறான். மூன்றாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

இதன் பலவீனம் காலம். பள்ளி மாணவனுக்குக் காசில்லை என்றால் இயல்பு. வேதியியலிலும் கருவிகள் செய்வதிலும் மேதையான ஒருவன் வளர்ந்து பெரியவனான பிறகும் வாடகைக்குத் திண்டாடினால் வாசகர் முகம் சுளிப்பார். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம் ஒரு கட்டத்தில் எதிர்த்திசையிலும் போய்ப் பார்த்தது. பார்க்கர் இண்டஸ்ட்ரீஸ் என்று அவன் பெயரில் ஒரு கம்பெனியே வந்தது, 2017இல் அது சரிந்தது, மறுபடியும் அவன் அடுத்தவர் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கினான். ஒரு கம்பெனியையே நடத்தியவனுக்கு எங்கேயும் ஒரு வேலை கிடைக்காதா என்ற கேள்வி அப்போது பழையபடி எழுந்துவிடுகிறது.

இந்த வழியை எடுப்பவர்களுக்கு என் யோசனை, நாயகனிடம் திறமை குறைவு என்று காட்டாதீர்கள், நேரம் குறைவு என்று காட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள் பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவனை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. அவனை வேலையை விட்டு அனுப்பும் மேலாளரையும் கத்துகிற கொடியவராக ஆக்க வேண்டாம். பொறுமையாக மூன்று முறை எச்சரித்துவிட்டு, வருத்தத்தோடு அனுப்பும் நல்லவராக இருக்கட்டும். அவர் பக்கம் நியாயம் இருக்கும்போதுதான் வாசகருக்கு நெஞ்சில் தைக்கும். நாயகனுக்கும் வேறு யாரையும் குறை சொல்ல வழியிருக்காது.

கூலி கேட்கும் நாயகன்

இரண்டாவது வழி, வாசகரின் கேள்விக்கு நேராக ஆமாம் என்று சொல்லிவிடுவது. 1972 ஜூனில் வந்த ‘லூக் கேஜ், ஹீரோ ஃபார் ஹயர்’ அப்படித்தான் தொடங்கியது. செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று, அங்கே நடந்த பரிசோதனையில் குண்டு துளைக்காத தோல் பெற்று, தப்பி வெளியே வந்தவன். பொய்ப் பெயரில் வாழ்பவனுக்கு எந்த வேலைக்கும் மனுப்போட முடியாது. ஆகவே சக்தியையே தொழிலாக்குகிறான். நியூயார்க்கில் ஒரு திரையரங்குக்கு மேல்மாடியில் அலுவலகம். வேலை கொடுத்தால் கூலி.

இங்கே ‘ஏன் சம்பாதிக்கவில்லை’ என்பது போய், ‘சம்பாதித்தும் ஏன் மிஞ்சவில்லை’ என்று கேள்வி மாறுகிறது. சிறுதொழில் செய்த எவருக்கும் அதன் விடை தெரியும். வேலை முடிந்த பிறகு பணம் வராது. உண்மையாகவே உதவி தேவைப்படுகிறவர்களிடம் கொடுக்கக் காசு இருக்காது. காசு இருக்கிறவர்கள் கேட்கும் வேலை செய்யத் தகுந்ததாக இருக்காது. தோலைக் குண்டு துளைக்காது, சட்டையைத் துளைக்கும். அடுத்த சட்டை சொந்தச் செலவு. 1973இல் லாட்வேரியாவை ஆளும் வில்லன் டாக்டர் டூம் 200 டாலர் கூலி பாக்கி வைத்துவிட்டுப் போனதால், லூக் கேஜ் ஃபென்டாஸ்டிக் ஃபோரிடம் விமானம் இரவல் வாங்கி லாட்வேரியா நாட்டுக்கே போய் வசூலிக்கிறான். ஒரு தேசத்தின் சர்வாதிகாரியிடம் 200 டாலர் கேட்கப் போவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவனிடம் ஏமாந்தால் நாளைக்கு எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்பது அன்றாடம் உழைத்துப் பிழைப்பவனின் கணக்கு. பணக்காரன் அந்தத் தொகையை மறந்திருப்பான். தொகை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நன்றாக அந்த மனிதன் யார் என்பது தெரிகிறது.

பலவீனம் இரண்டு. முதலாவது, உயிர் போகிற நேரத்தில் ‘கட்டணம் எவ்வளவு தருவீர்கள்’ என்று நாயகனைக் கேட்க வைக்க முடியாது. அதனால் பல கதைகளில் கூலி என்பது பேச்சோடு நின்றுபோகும். இரண்டாவது, தொழில் நிலைத்துவிட்டால் கஷ்டம் மங்கும். 1978இல் அயர்ன் ஃபிஸ்ட் என்ற நாயகன் அவனுக்குக் கூட்டாளியானபோது, அயர்ன் ஃபிஸ்ட்டாக வரும் பெரும் சொத்துக்காரன் டேனி ராண்ட் பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தான். பிறகு வாடகைக் கவலையை எவ்வளவு அழுத்தமாக எழுதினாலும் பழைய கூர்மை வராது. ஏழை நாயகனுக்குப் பணக்கார நண்பனைக் கொடுக்கும்போது எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. நண்பன் ஏன் உதவவில்லை, அல்லது உதவியை ஏன் வாங்கவில்லை என்று ஒரு காட்சியாவது எழுதியே ஆக வேண்டும்.

சொத்தை இழந்த கோடீஸ்வரன்

மேலே இருந்தவன் கீழே விழுவது பார்க்கப் பெரிய காட்சி. 1969இல் கிரீன் ஆரோ என்ற நாயகனான ஆலிவர் குவீன் சொத்தை இழந்தான். 1980களில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் நிறுவனம் அவன் எதிரி ஒபடையா ஸ்டேன் கைக்குப் போனது. 2020இல் வில்லன் ஜோக்கர், பேட்மேனான புரூஸ் வேய்னின் குடும்பச் சொத்தைக் கைப்பற்றினான்.

மூன்றில் பேட்மேனுடையதுதான் மிகவும் வலுவில்லாதது. கதை முடிந்தபோது செல்வம் மறுபடி புரூஸ் வேய்ன் வசம் வரவில்லை, மாளிகையை விட்டு நகருக்குள் ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தான். எழுதியவர்கள் துணிந்துதான் செய்தார்கள். ஆனால் சொந்தமாகத் தனி வீடும் கருவிகளும் வைத்திருக்கும் ஒருவனைக் காசில்லாதவன் என்று வாசகர் மனம் ஏற்காது. வசதி குறைந்தவன் என்றுதான் ஏற்கும்.

ஸ்டார்க்கின் வீழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. குடிக்கு அடிமையாகி, நிறுவனத்தை இழந்து, 1984இல் பனி கொட்டும் தெருவில், வீடற்ற ஒரு பெண் பெற்ற குழந்தையைத் தன் உடம்புச் சூட்டில் காப்பாற்றுகிறான். டென்னி ஓ’நீல் எழுதிய அந்த இதழில் இழப்புக்குக் காரணம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, அவனுக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் நம்ப முடிகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாதங்களில் அயர்ன் மேன் கவசத்தை மாட்டியிருந்தது அவன் நண்பன் ஜேம்ஸ் ரோட்ஸ். ஏழையும் சூப்பர்ஹீரோவும் அப்போது இரண்டு வெவ்வேறு ஆட்கள். காசில்லாதவன் எப்படிச் சாகசம் செய்கிறான் என்ற கேள்வியை அந்தக் கதை தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. நீங்கள் எழுத நினைப்பது அந்தக் கேள்வியை என்றால் இந்த வழி உதவாது.

குவீனின் இழப்பு அமைதியானது, ஆனால் நிலைத்தது. சொத்து அடுத்த மாதமே திரும்பி வரவில்லை. அவன் பேச்சும் கோபமும் பார்வையும் மாறின, இல்லாதவர்கள் பக்கம் நின்று வாதாடுகிறவனாக ஆனான். கோடீஸ்வரன் வழியை எடுத்தே தீர வேண்டுமென்றால் இதைத்தான் மாதிரியாகக் கொள்ளச் சொல்வேன். சொத்து திரும்பிவிடும் என்று வாசகர் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் கதையில் பசி ஒரு விடுமுறைப் பயணமாகிவிடும்.

காகிதத்தால் அடிக்கும் வில்லன்

நான்காவது வழியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி, டேவிட் மஸ்ஸுகெல்லி வரைந்த டேர்டெவில் 227ஆம் இதழில் குற்றக் கும்பல் தலைவன் கிங்பின்னுக்கு, வக்கீல் மேட் மர்டாக்தான் டேர்டெவில் என்ற ரகசியம் தெரிந்துவிடுகிறது. அடியாள் அனுப்பவில்லை. வரித்துறை மர்டாக்கின் கணக்கை முடக்குகிறது. வீட்டுக் கடன் தவணை வந்து சேரவில்லை என்று வங்கி சொல்கிறது, அவன் கட்டியிருந்தான். சாட்சியைப் பொய் சொல்லவைக்கப் பணம் கொடுத்தான் என்று ஒரு காவல் அதிகாரி வாக்குமூலம் தருகிறார். வக்கீல் தொழில் பறிபோகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் யாருக்கும் நேரக்கூடிய ஒரு தவறு.

பணக்கஷ்டத்தின் உண்மையான பயம் இங்கேதான் பிடிபட்டிருக்கிறது. முகமில்லாத கடிதங்கள், மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்கிற பதில்கள், எவரோடு சண்டை போடுவதென்றே தெரியாத நிலை. டேர்டெவிலால் இருட்டில் இதயத் துடிப்பைக் கேட்க முடியும். கடிதத்துக்கு இதயத் துடிப்பு இல்லை. கடைசியில் மர்டாக்கின் வீட்டைக் கிங்பின் குண்டுவைத்துத் தகர்த்ததும்தான் இது ஒருவனின் வேலை என்று அவனுக்கு உறைக்கிறது. குண்டு வெடிக்கும்வரை அவன் தோற்றுக்கொண்டே இருந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முதல் கேள்விக்கு இங்கே விடையே தேவைப்படுவதில்லை. அவனுக்கு நல்ல வருமானம் இருந்தது, யாரோ திட்டமிட்டுப் பறித்தார்கள். மூன்றாவது அளவுகோலிலும் குறையில்லை: காசும் தூக்கமும் போன மனிதன் நண்பர்களையே சந்தேகிக்கிறான், கை ஓங்குகிறான். குறை இரண்டாவதில்தான். ஐந்தாறு இதழ்களுக்கு மேல் இது நீளாது. நீண்டால் வில்லன் கடவுளாகிவிடுவான்.

குழுவே திவாலாகும் கதைகளும் உண்டு. 1962 டிசம்பரில் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 9ஆம் இதழில் குழுத் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் பங்குச் சந்தையில் பணத்தைத் தொலைக்க, குழு சினிமாவில் நடிக்கப் போகிறது. ஒரே இதழில் தொடங்கி முடிந்துவிடுகிறது. விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கும் பூஸ்டர் கோல்ட் போன்ற நாயகர்கள் 1986 முதல் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச வேண்டிய விஷயம் புகழ், பற்றாக்குறை இல்லை. இந்த இரண்டையும் இந்த முடிவுக்கான பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன்.

எந்த வழியானாலும் தவறும் இடங்கள்

முதலில் ஓவியம். ஸ்கிரிப்டில் ‘சிறிய அறை’ என்று மட்டும் எழுதினால் ஓவியர் பேனலை, அதாவது பக்கத்தின் ஒரு படக் கட்டத்தை, நிரப்ப அகலமான ஜன்னல், உயரமான கூரை, நாலு பேர் உட்காரும் சோபா என்று வரைந்துவிடுவார். மூன்று பலூன் வசனத்தில் சொன்ன வறுமையை ஒரு ஜன்னல் அழித்துவிடும். அறையின் அளவை எழுதுங்கள். கட்டிலிலிருந்து அடுப்பு கைக்கு எட்டும் என்று எழுதுங்கள். அவனுக்கு எத்தனை சட்டை என்று முடிவு செய்து, இதழுக்கு இதழ் அவையே திரும்ப வரட்டும். வண்ணம் தீட்டுகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது எண்கள். நாயகனுக்கென்று ஒரு வரவு செலவுக் கணக்கை எழுத்தாளர் தன் நோட்டில் வைத்திருப்பது நல்லது: மாத வரவு, வாடகை, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதியில். வாசகருக்கு அதில் ஒன்றிரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஆனால் தெரிந்த எண் மாறக் கூடாது. மூன்றாம் இதழில் 80 டாலர் பாக்கி என்றால் ஐந்தாம் இதழில் அது தீர்ந்திருக்க வேண்டும், அல்லது கூடியிருக்க வேண்டும். மறந்துபோன கடன் கதையில் உள்ள எல்லாக் கடனையும் பொய்யாக்கிவிடும்.

காசில்லாமை தன் மேலேயே வட்டி போட்டுக்கொள்ளும் என்பதையும் பலர் எழுதுவதில்லை. தவணை தப்பினால் அபராதம். மலிவான காலணி இரண்டு மாதத்தில் கிழியும், மறுபடி வாங்க வேண்டும். சண்டையில் விலா எலும்பு உடைந்தால் மருத்துவமனைக்குப் போக முடியாது. செலவு ஒரு பக்கம், எப்படி உடைந்தது என்று கேட்பார்களே என்ற பயம் மறுபக்கம். சரியாக ஆறாத உடம்போடு அடுத்த சண்டை, அடுத்த வேலை இழப்பு. சாகசமும் பற்றாக்குறையும் இப்படி ஒன்றையொன்று வளர்க்கும்போது கதைக்குத் தனியாகச் சோகம் சேர்க்க வேண்டியதில்லை.

கூச்சத்தையும் விட்டுவிடக் கூடாது. சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்வது, நண்பர்கள் உணவகத்துக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று நழுவுவது, பிறந்தநாளைத் தெரிந்தே மறந்ததுபோல் நடிப்பது. வங்கிக் கொள்ளையைத் தடுத்துப் பண மூட்டையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமான காட்சியில், அவன் கை அந்த மூட்டையின் மேல் ஒரு பேனல் அதிகமாகத் தங்கட்டும். வசனம் எதுவும் வேண்டாம்.

என் தேர்வு

நாலைந்து இதழ்களில் முடியும் குறுந்தொடர் என்றால் தயங்காமல் காகித வில்லனை எடுங்கள். நீண்ட தொடருக்குச் சில்லறை வருமானக்காரன்தான் சரி, ஒரு திருத்தத்தோடு: அவனுடைய கடன் ஒரு நிறுவனத்திடம் இல்லாமல் ஒரு மனிதரிடம் இருக்கட்டும். அந்த மனிதருக்கும் அந்தப் பணம் அவசியமாக இருக்கட்டும். வில்லனைப் பிடிக்கப் போனால் இன்று கூலி கிடைக்காது, கூலி கிடைக்காவிட்டால் வீட்டுக்கார அம்மாவின் கண் சிகிச்சை தள்ளிப்போகும் என்றால், இரண்டு பக்கமும் நியாயம் உள்ள ஒரு முடிவு நாயகன் முன்னால் நிற்கிறது. வங்கிக்குத் தர வேண்டிய தவணையால் இதைச் செய்ய முடியாது. கூலி கேட்கும் நாயகனை, நகரத் தெருக்களிலேயே சுற்றும் துப்பறியும் கதை எழுத விரும்புகிறவர்கள் எடுக்கலாம். ஆனால் பணக்காரக் கூட்டாளியைக் கொண்டுவராதீர்கள்.

கடன் கொடுத்தவரை முதல் இதழிலேயே, வில்லனுக்கு முன்பாகவே அறிமுகப்படுத்திவிடுங்கள். பெயர், தொகை, திருப்பித் தர வேண்டிய தேதி மூன்றும் அந்தக் காட்சியில் வந்துவிட வேண்டும். அந்தத் தேதி மூன்றாம் இதழின் பெரிய சண்டை நாளன்று வரும்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.